ஸ்டார் போட்டால் எல்லாம் போய்விடுமா?

வாசகர் கேள்வி பதில்: கட்டளைத் திரையும் ஷெல் ஸ்கிரிப்டும்

முதலில் ஒரு மன்னிப்பு. சென்ற முறை கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே அச்சிட்டோம். பக்கம் அமைக்கும் மென்பொருள் நேரான மேற்கோள் குறிகளை வளைத்து, ஹைஃபனை நீளக் கோடாக்கி, எல்லாவற்றையும் அழகுபடுத்திவிட்டது. அதைப் பார்த்து அப்படியே தட்டிய நான்கு பேர் "ஒரு வரிகூட ஓடல" என்று திட்டி எழுதியிருந்தார்கள், நியாயமான திட்டுதான். அதனால் இந்த முறை கட்டளையின் பெயரைத் தமிழில் சொல்லி, அது என்ன செய்கிறது, எங்கே காலை வாரும் என்று மட்டும் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷெல், ஷெல் என்கிறீர்களே, குமரி முனையில் மாலையாகக் கோத்து விற்கிறார்களே, அந்தச் சிப்பியா? — ஓய்வுபெற்ற ஆசிரியை, சுசீந்திரம்

டீச்சர், சிப்பியைவிடத் தேங்காய் பொருத்தமாக இருக்கும். உள்ளே இருக்கிற பருப்புக்குக் கெர்னல் என்று பெயர். மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் ஆளுவது அதுதான், நாம் நேரடியாக அதைத் தொட முடியாது. சிரட்டை மாதிரி அதைச் சுற்றி நின்று, நாம் தட்டுவதை வாங்கி உள்ளே கொடுத்து, பதிலை வெளியே கொண்டுவருவது ஷெல். 1960களில் இந்தப் பெயரை வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனின் ஷெல் 1971இல் வந்தது, ஸ்டீஃபன் போர்ன் எழுதியது 1979இல், இன்று யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில் பெரும்பாலும் இருக்கிற பாஷ் 1989இல். போர்னை வைத்துச் சிலேடையாக 'போர்ன் அகெய்ன் ஷெல்' என்று பெயரிட்டு, அதைச் சுருக்கி பாஷ் ஆக்கினார்கள்.

ஸ்கிரிப்ட் என்பது சீட்டு. வகுப்புத் தலைவனிடம் "நோட்டை வாங்கு, நம்பர்படி அடுக்கு, வராதவன் பெயரை எழுது" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போவீர்களே, அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பையனுக்குக் கொஞ்சம் பொது அறிவு இருக்கும்.

கேள்வி: ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, மூவாயிரம் படம். பெயர் மாற்றி, சின்னதாக்கி வீட்டுக்காரர்களுக்கு அனுப்ப ஒரு நாள் போய்விடுகிறது. போன மாதம் ஒரு கேமராவின் படங்கள் இன்னொன்றின் மேல் விழுந்து இருநூறு படம் காலி. ஸ்டார் போட்டு மொத்தமாக மாற்றலாம் என்கிறார்கள், கை நடுங்குகிறது அண்ணே. — ஸ்டுடியோக்காரர், மார்த்தாண்டம்

நடுங்கட்டும், நல்லதுதான். இருநூறு படம் ஏன் போனது என்று முதலில் பார்ப்போம். கேமரா வைக்கிற பெயரில் நான்கு இலக்கம்தான் இருக்கும், 9999க்கு அப்புறம் மறுபடி 0001. ஒரே கம்பெனியின் இரண்டு கேமரா என்றால் முன்னெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்தினால், நகர்த்துகிற 'எம்வி' கட்டளை அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதே என்று சாதாரணமாகக் கேட்காது, பழையதன் மேல் புதியதை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதோடு ஹைஃபன் 'என்' சேர்த்தால் இருப்பதன் மேல் எழுதாது. இதை மட்டும் பழக்கிக்கொண்டாலே உங்கள் பாதிப் பயம் போகும்.

பெயர் மாற்ற எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் அல்லவா, அதை எடுத்துப் பெயராக வைக்கும். ஒரே நொடியில் ஐந்து படம் அடித்திருந்தால் பின்னால் எண் போடவும் அதிலேயே வழி உண்டு. இரண்டு கேமராவின் படங்களும் நேர வரிசையில் கலந்து நிற்கும், மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் முன்பின்னாகாது. ஆனால் அதற்கு இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் உங்கள் போனில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, இரண்டு கேமராவாலும் அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள். வித்தியாசம் 3 நிமிடம் 12 நொடி என்று தெரிந்துவிட்டால், அந்தக் கேமராவின் படங்களை மட்டும் அவ்வளவு நேரம் நகர்த்தச் சொல்லலாம்.

சின்னதாக்க இமேஜ்மேஜிக். அதில் 'மொக்ரிஃபை' என்ற கட்டளை மொத்த ஃபோல்டரையும் ஒரே அடியில் முடிக்கும், மூலப் படத்தின் மேலேயே எழுதியும் முடிக்கும்! ஆல்பத்துக்கு வேண்டிய பெரிய படம் அதோடு போச்சு. 'பாத்' என்ற விருப்பத்தைக் கொடுத்து வேறு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். அளவுக்குப் பின்னால் > குறி போட்டால் பெரியதை மட்டும் சுருக்கும், சின்னதை இழுத்துப் பெரிதாக்காது. அந்த அளவை மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தால், ஷெல் அந்தக் குறியைத் 'வெளியீட்டை ஃபைலில் எழுது' என்று புரிந்துகொள்ளும்.

ஸ்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். * குறிதான் அது, பெயரில் அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் எடு என்று ஷெல்லிடம் சொல்வது. நான் பார்த்தவரை ஸ்டாரைவிட அதிகம் கெடுத்தது இடைவெளிதான். என் கதையையே சொல்கிறேன். ஒரு கடையில் 'பழைய பில்' என்று ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே 'பில்' என்று இன்னொன்று, அதில்தான் நடப்பு வருடக் கணக்கு. பழையதை அழிக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினேன், பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடவில்லை. ஷெல்லுக்கு இடைவெளி என்றால் அடுத்த சொல் ஆரம்பம் என்று பொருள். 'பழைய' என்று ஒன்றைத் தேடி, "அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்ததாக 'பில்'லை எடுத்து ஒரு சத்தமும் இல்லாமல் அழித்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை கார்பன் காப்பியைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். கடைக்காரர் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், அது இன்னும் மோசமாக இருந்தது.

மாற்றும் முன் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' போட்டு, என்ன செய்யப்போகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், பெயர் மாற்றுவதற்கு அது போதும். ஆனால் என் கதையில் எக்கோ காப்பாற்றியிருக்காது, 'பழைய பில்' என்று மேற்கோள் போட்டாலும் போடாவிட்டாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அழிக்கிற வேலையாக இருந்தால் அழிக்கும் கட்டளைக்குப் பதில் அதே இடத்தில் 'எல்எஸ்' போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். எந்த ஃபைல்கள் மாட்டியிருக்கின்றன என்று அது பட்டியல் போட்டுக் காட்டும்.

கேள்வி: ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். ஓணம் சமயத்தில் ஒரே நாளில் நானூறு மெசேஜ் வரும். யார் எத்தனை கிலோ பிச்சி, எத்தனை கிலோ கிரேந்தி என்று தள்ளித் தள்ளிப் பார்த்தே கண் போகிறது. என் பையன் 'கிரெப்' போட்டால் ஒரு நொடி என்கிறான். நிஜமா? — பூ வியாபாரி, தோவாளை

நிஜம்தான், ஆனால் பையன் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறான். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, மீடியா வேண்டாம் என்றால், மொத்தப் பேச்சும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வந்துவிடும். கிரெப் அந்த ஃபைலில் நீங்கள் கேட்ட சொல் இருக்கிற வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். கென் தாம்சன் 1970களின் தொடக்கத்தில் எழுதிய கருவி, இன்றைக்கும் அதை அடிக்க ஆள் இல்லை.

சிக்கல் கருவியில் கிடையாது, நம் ஆட்கள் எழுதும் விதத்தில் இருக்கிறது. ஒருவர் 'பிச்சி' என்பார், ஒருவர் 'பிச்சிப்பூ', இன்னொருவர் ஆங்கில எழுத்தில், அதிலும் டி போட்டு ஒருவர், போடாமல் ஒருவர், கேரளத்துக்காரர் மலையாளத்தில். கிரெப்புக்கு இவையெல்லாம் வேறு வேறு. 'பிச்சி' என்று தேடினால் 'பிச்சிப்பூ' தானாகச் சிக்கும், மற்றதையெல்லாம் 'இதுவோ அதுவோ' என்று நடுவில் | குறி போட்டு அடுக்க வேண்டும், ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்தது இதைவிடப் பெரிது. தேதியும் அனுப்பியவர் பெயரும் மெசேஜின் முதல் வரியில் மட்டும்தான் இருக்கும். ஒருவர் நான்கு வரியில் 'அரளி 10, சம்பங்கி 4, வாடாமல்லி 20, பிச்சி 5' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால், கிரெப் 'பிச்சி 5' என்ற வரியை மட்டும் பிடுங்கிக் கொடுக்கும். யாருக்கு ஐந்து? மேலே உள்ள சில வரிகளையும் சேர்த்துக் காட்டு என்று சொல்லலாம். அதைவிட 'ஆக்' என்ற கருவியில் "தேதியோடு ஒரு வரி வந்தால் அதில் இருக்கிற பெயரை ஞாபகம் வை, அடுத்த தேதி வரும்வரை எல்லா வரிக்கும் அந்தப் பெயரை ஒட்டு" என்று எழுதுவது சரியான வழி. உங்கள் பையனிடம் இந்த வாக்கியத்தை அப்படியே வாசித்துக் காட்டுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பெயர் ஒட்டியாகிவிட்டால் அதை 'சார்ட்'டுக்கு அனுப்பி வரிசைப்படுத்தி, அதிலிருந்து 'யூனிக்'குக்கு அனுப்பி எண்ணலாம். வரிசைப்படுத்தாமல் யூனிக்குக்கு அனுப்பாதீர்கள், அது அடுத்தடுத்து நிற்கிற ஒரே மாதிரி வரிகளை மட்டும்தான் பார்க்கும். இப்படி ஒரு கருவியின் வாயை இன்னொன்றின் காதில் சொருகுவதற்குப் பைப் என்று பெயர், | குறிதான் அதற்கும். கணினி ஆய்வாளர் டக் மெக்கில்ராய் 1964இலேயே, தோட்டத்து ஹோஸை ஒன்றோடு ஒன்று மாட்டுவதுபோல நிரல்களை மாட்ட வழி வேண்டும் என்று குறிப்பு எழுதினார். யூனிக்ஸில் அது நடந்தது 1973இல். வாழைக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாய்ஸ் மெசேஜில் ஆர்டர் சொல்பவர்களை எந்தக் கிரெப்பும் கேட்காது. ஆகவே ஒன்று செய்யுங்கள், இன்றைக்கே குரூப்பில் "பூ, கிலோ, கடைப் பெயர், மூன்றும் ஒரே வரியில் எழுதவும்" என்று போடுங்கள். பாதிப் பேர் கேட்டால்கூட என் ஸ்கிரிப்டைவிட அது அதிகம் மிச்சப்படுத்தும்.

கேள்வி: அண்ணா, ஒரு மொபைல் கடைக்குத் தினமும் பேக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். கையால் ஓட்டினால் அருமையாக ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் கிரானில் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லை. — கல்லூரி மாணவன், நாகர்கோவில்

தூங்கு மக்களே, இது எல்லோருக்கும் வருவது. நீ அனுப்பிய வரி 30 21 * * * என்று தொடங்குகிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, ஆக தினமும் இரவு 9.30. அதில் தப்பில்லை. ஆனால் அதே வரியிலேயே பேக்கப் ஃபைலுக்கு அன்றைய தேதியைப் பெயராக வைக்க % குறி போட்டிருக்கிறாய். கிரானின் பட்டியலில் % என்றால் 'வரி முடிந்தது, அடுத்த வரி' என்று பொருள். உன் கட்டளை பாதியிலேயே வெட்டுப்பட்டுப் போகிறது. அதற்கு முன்னால் ஒரு \ போடு, இல்லையென்றால் தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிடு. என்னைக் கேட்டால் இரண்டாவது.

அது சரியானதும் இன்னொன்று வரும். நீ டெர்மினலில் இருக்கும்போது எந்தக் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஷெல்லுக்குத் தெரியும், கிரானுக்கு அந்தப் பட்டியல் மிகச் சின்னது. ஸ்கிரிப்டில் கட்டளைக்கும் ஃபோல்டருக்கும் முழுப் பாதையையும் எழுது. வெளியீட்டையும் பிழையையும் ஒரு லாக் ஃபைலில் விழச் செய், மூன்று நாள் தூக்கம் போனதற்குக் காரணமே அது இல்லாததுதான்.

அப்புறம் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது? ஒன்பது மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற கடையில் ஒன்பதரைக்கு யார் பேக்கப் எடுப்பது! கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் கிரான் அந்த முறையை அப்படியே விட்டுவிடும், பிறகு ஞாபகம் வைத்து ஓட்டாது. அதற்கு அனாக்ரான் இருக்கிறது, அல்லது மதியம் 2 மணிக்கு மாற்று. ஐப்பசி மழையில் கரண்ட் போகிற நாட்களையும் கணக்கில் வை. நாளைக்கு இதையே வாடகை சர்வரில் வைத்தால் அங்கே கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உன் ஒன்பதரை நம் ஊரில் விடியற்காலை மூன்று மணி.

கேள்வி: ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் வாங்கி விற்கிறோம். தினமும் ஒரு சிஎஸ்வி ஃபைல் சேரும். மாதக் கடைசியில் முப்பதையும் எக்செல்லில் காப்பி பேஸ்ட் செய்து ஆள்வாரியாகக் கூட்டுவதற்குள் மறுமாதம் வந்துவிடுகிறது. — வியாபாரி, குலசேகரம்

இதற்கென்றே செய்த கருவி ஆக். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் 1977இல் எழுதியது, அவர்கள் பெயரின் முதலெழுத்துதான் அதன் பெயர். முப்பது ஃபைலையும் ஒரே கட்டளையில் கொடுக்கலாம். ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியையும் விட்டுவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'பெயர், எடை, விலை' என்ற தலைப்பு முப்பது முறை ஓர் ஆளாக வந்து நிற்கும்.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய ஃபைலைப் பார்த்தேன். தொகையை 1,25,000 என்று காற்புள்ளியோடு எழுதியிருக்கிறீர்கள். சிஎஸ்வியில் காற்புள்ளிதான் கட்டத்தைப் பிரிக்கும் குறி, ஆக அதை 1, 25, 000 என்று மூன்று கட்டமாகப் பார்க்கும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும், அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். எக்செல்லில் அந்தப் பத்தியின் வடிவத்தை வெறும் எண்ணாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள். ஒரே ஆளை ஒருநாள் சேர்த்தும் மறுநாள் பிரித்தும் எழுதினால் இரண்டு பேராகக் கூட்டும், ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். ஃபைலின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள், தானாக ஒழுங்காக நிற்கும். முதல் இரண்டு மாதம் ஸ்கிரிப்டின் கூட்டலையும் உங்கள் பழைய கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடாதீர்கள்.

சில கேள்விகள், சுருக்கமாக

*விண்டோஸில் இதெல்லாம் முடியாதா?* — முடியும். விண்டோஸின் சொந்த ஷெல்லான பவர்ஷெல் 2006இலிருந்து இருக்கிறது, லினக்ஸ் கருவிகளே வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி 2016இல் வந்தது. ஸ்கிரிப்டை நோட்பேடில் எழுதி லினக்ஸுக்குக் கொண்டுபோனால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வந்து, "இப்படி ஒரு நிரலே இல்லை" என்று சண்டை போடும். அதை நீக்க 'டாஸ் டு யூனிக்ஸ்' என்று ஒரு கருவி உண்டு.

*மேக் வாங்கினேன், பாஷ் இல்லையே?* — இருக்கிறது, ஆனால் 2019இலிருந்து முதலில் திறப்பது இசட் ஷெல். பயப்பட ஒன்றுமில்லை.

*ஏஐயிடம் கேட்டால் எழுதித் தருகிறதே, நான் ஏன் படிக்க வேண்டும்?* — எழுதட்டும், நானும் கேட்கிறேன். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்பதையும் அதனிடமே கேளுங்கள், ஐந்து ஃபைலைத் தனியாகக் காப்பி செய்து அதில் ஓட்டிப் பாருங்கள். புரியாத ஸ்கிரிப்டை நடப்புக் கணக்கின் மேல் ஓட்டுபவருக்கு நான் டீ வாங்கித் தர மாட்டேன்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தமிழிலேயே முழுப் பெயர் வைத்திருக்கிறோம். விண்டோஸில் நன்றாக இருந்தது. லினக்ஸுக்கு மாற்றினால் சிலவற்றுக்குப் 'பெயர் மிக நீளம்' என்கிறது. உறுப்பினர் பட்டியலை சார்ட் போட்டால் வரிசையும் தப்பாக வருகிறது. — தன்னார்வலர், தக்கலை

இரண்டும் தமிழுக்கென்றே வருகிற தொல்லை, ஆங்கிலப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. 'கன்னியாகுமரி' என்று எழுதி எண்ணிப் பாருங்கள், நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளி தனி, கொம்பும் காலும் தனி, ஆகப் பன்னிரண்டு குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 36 பைட். லினக்ஸில் ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் அளவு, விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணி 255 வரை விடும். அதனால் தமிழில் சுமார் 85 குறியைத் தாண்டிய பெயர்கள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. பெயரைச் சுருக்கி, ஆண்டையும் வரிசை எண்ணையும் வைத்து, முழுத் தலைப்பை ஒரு பட்டியல் ஃபைலில் எழுதிவையுங்கள்.

வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிற யூனிகோடு பட்டியலில் ன என்ற எழுத்து ந-வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி. அதனால் குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அன்பு முந்திக்கொண்டு அமுதா பின்னால் போவார். புள்ளியின் எண் மற்ற குறிகளைவிடப் பெரியது, ஆகவே அகிலா வந்த பிறகுதான் அக்கா வருவார். கணினியின் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டு சார்ட் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறமும் ன, ற, புள்ளி வருகிற பெயர்களைக் கண்ணால் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: தனியார் அலுவலகத்தில் கிளார்க். தினமும் மூன்று மணி நேரம் எடுத்த ரிப்போர்ட் வேலையை ஸ்கிரிப்ட் எழுதி இரண்டு நிமிடம் ஆக்கிவிட்டேன். முதலாளியிடம் சொல்லலாமா? சொன்னால் இன்னும் நாலு பேர் வேலையைத் தலையில் கட்டிவிடுவாரோ என்று பயம். — பெயர் வேண்டாம், குளச்சல்

கட்டுவார், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் சொல்லிவிடுங்கள், ஆனால் இன்றைக்கே வேண்டாம். ஒரு மாதம் நீங்களே ஓட்டுங்கள், மாதக் கடைசி, லீவு நாள், காலியான ஃபைல் எல்லாவற்றையும் அது தாங்குகிறதா என்று பாருங்கள். மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்றால், நீங்கள் காய்ச்சலில் படுத்த அன்று அது நின்றுபோகும், அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததே யாருக்கும் தெரியாது. சொல்லும்போது ஸ்கிரிப்டின் தலையில் யார் எழுதியது, என்று எழுதியது, எந்த ஃபோல்டரை எதிர்பார்க்கிறது என்று தமிழிலேயே நான்கு வரி எழுதி வையுங்கள். முன்னால் # குறி போட்டால் ஷெல் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

மிச்சமான மூன்று மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.